ஸ்டாப்வாட்ச் முன்னாடி வேகமா அடிச்சிட்டேன், இப்போ லைன்ல ஒருத்தரும் பேசமாட்றாங்க

வியாசர்பாடி_பிரஸ்:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்கு ஒரு பஞ்சாயத்து, அதான் எழுதறேன். நீளமா போச்சுன்னா மன்னிச்சிக்கங்க.

மாதவரம் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷாப்ல வேலை. ஐடிஐ முடிச்சி 3 வருஷம் ஆச்சு. 60 டன் பவர் பிரஸ் ஓட்டறேன், வண்டிக்கு போற ஒரு பிராக்கெட் அடிக்கிறோம். வேலை இவ்ளோதான்: இடது பக்க கிரேட்ல இருந்து பிளாங்க் (வெட்டின தகடு) எடு, டைல, அதாவது அச்சுல, பின் பாத்து உக்கார வை, ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்கு, ராம் எறங்கி டப்புனு ஒரு அடி, பீஸ எடுத்து வலது பக்கம் போடு. திரும்ப பிளாங்க் எடு. காலைல 6 மணிக்கு ஆரம்பிச்சா 2 மணி வரைக்கும் இதே தான், நடுவுல டீ டிபன் எல்லாம் சேத்து அரை மணி.

டார்கெட் 850 பீஸ் இருந்துச்சு. எல்லாரும் 850, 870 அடிச்சிட்டு நிம்மதியா இருந்தாங்க. போன மாசம் ஓனர் ஒரு கன்சல்டன்ட்ட கூட்டினு வந்தாரு. இன் பண்ண சட்டை, கைல அட்டை, அதுல பேப்பர் கிளிப், மொபைல்ல ஸ்டாப்வாட்ச். நேரா என் மெஷின் பக்கத்துல வந்து நின்னாரு. எனக்கு பின்னாடி ஓனரும் நிக்கிறாரு, அப்புறம் கெத்து காட்டாம எப்படி இருக்கறது. 10 பீஸ் டைம் எடுத்தாரு, பீஸுக்கு 20 செகண்ட். சூப்பர் தம்பின்னு தோள்ல தட்டிட்டு போயிட்டாரு. ஒரு வாரம் கழிச்சி நோட்டீஸ் போர்டுல டார்கெட் 1300ன்னு ஒட்டியிருந்துச்சு. எனக்கு மட்டும் இல்ல, அந்த பிராக்கெட் ஓட்ற மூணு மெஷினுக்கும், ரெண்டு ஷிப்டுக்கும்.

இப்போ சீனியர் அண்ணனுங்க யாரும் என்கூட சாப்பிட உக்கார மாட்றாங்க. ஒரு அண்ணன் மட்டும் கேட்டாரு, "ஏன்டா, வாட்ச் புடிச்சா நிதானமா அடிக்கணும்னு கூட தெரியாதா, உங்க தாத்தா மில்லுல இருந்தவரு தானே, சொல்லித்தரல?" எங்க தாத்தா பெரம்பூர் பக்கம் மில்லுல நெசவுல இருந்தாரு, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாரு. சங்கு ஊதனா தான் ஏரியாவுக்கே மணி தெரியும்னு ஆயா சொல்லும், அவ்ளோதான் எனக்கு தெரியும்.

என் சந்தேகம், இந்த வாட்ச் புடிச்சி வேலைய அளக்கற பழக்கம் எவன் ஆரம்பிச்சது? ஐடிஐ புக்குல டெய்லர்னு ஒரு பேரு ஒரே ஒரு வரி வந்துச்சு, மேனேஜ்மென்ட்டின் தந்தைன்னு. கார் கம்பெனி போர்டு அந்தாள்கிட்ட தான் கத்துக்கிட்டாரா? ரெண்டாவது, தப்பு என்னோடதா? வேகமா வேலை செஞ்சது தப்பா?

ஓய்வு_டர்னர்:

தம்பி, மொதல்ல கடைசி கேள்விக்கு பதில். வேகமா செஞ்சது தப்பு இல்ல, 10 பீஸுக்கு காட்ன வேகத்த 1300 பீஸுக்கும் இருக்கும்னு அந்த ஆள நம்ப வெச்சது தான் வினை. நான் 34 வருஷம் லேத்துல நின்னவன், எனக்கும் உன் வயசுல இதே கதை நடந்திருக்கு, அத அப்பால சொல்றேன்.

டெய்லர பத்தி உங்க புக்குல ஒரு வரில முடிச்சது அநியாயம். பிரடெரிக் டெய்லர், அமெரிக்காவுல பிலடெல்பியாக்காரரு, 1856ல பொறந்தவரு. வசதியான வீட்டு புள்ள, ஹார்வர்டு பரீட்சை பாஸ் பண்ணிட்டு கண்ணு சரியில்லன்னு சேராம, பேட்டர்ன் மேக்கிங்கும் மெஷினிஸ்ட் வேலையும் அப்ரண்டிஸா கத்துக்கிட்டாரு. 1878ல மிட்வேல் ஸ்டீல்னு ஒரு கம்பெனில சாதா கூலியா சேந்து, லேத்துல நின்னு, அப்புறம் கேங் பாஸ், போர்மேன், சீப் இஞ்சினியர்னு ஏறிட்டாரு. அதாவது அந்தாளு ஆபீஸ் ரூம்ல உக்காந்து எழுதினவரு கிடையாது, கிரீஸ் பூசின கை. அதனால தான் நம்ம ஆளுங்க பண்ற எல்லா தில்லாலங்கடியும் அவருக்கு தெரியும். அவரே லேத்துல பீஸ் ரேட்ல (பீஸ் எண்ணி கூலி) இருந்தப்ப மத்தவங்களோட சேந்து அளவா தான் அடிச்சாரு, கேங் பாஸ் ஆனதும் அதே ஆளுங்க மேல பாஞ்சாரு, மூணு வருஷம் அந்த ஷாப்ல சண்டை.

நாம ஓபி அடிக்கிறதுன்னு சொல்றோம்ல, அவரு அதுக்கு ஒரு பேரு வெச்சி ரெண்டு வகையா பிரிச்சாரு. ஒண்ணு மனுஷனுக்கு இயல்பா வர்ற சோம்பல். இன்னொண்ணு எல்லாரும் கூடி பேசி வெச்சிக்கிட்டு அளவா அடிக்கிறது. ரெண்டாவது ஏன் வருதுன்னு அவரே தான் எழுதினாரு: பீஸ் ரேட்ல ஒருத்தன் அதிகமா அடிச்சா முதலாளி ரேட்ட குறைச்சிடறான், அதனால புத்தி இருக்கறவன் எவனும் அதிகமா அடிக்க மாட்டான். பாரு, உங்க அண்ணனுங்க கோவத்துக்கு 100 வருஷத்துக்கு முன்னாடியே எதிர் பார்ட்டி ஆளே காரணம் எழுதி வெச்சிட்டாரு.

அதுக்கு அவரு சொன்ன மருந்து, ரேட்ட ஓனரும் ஊகத்துல போடக்கூடாது, தொழிலாளியும் ஊகத்துல பேசக்கூடாது, வாட்ச் வெச்சி அளந்து போடணும், போட்ட ரேட்ட அப்புறம் குறைக்கவே கூடாது. இதுல வாட்ச மட்டும் எல்லா ஓனரும் எடுத்துக்கிட்டான். குறைக்கக்கூடாதுன்றத எவனும் எடுத்துக்கல.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் அந்தாளுக்கு கும்புடு போடுவேன். ஹை ஸ்பீட் ஸ்டீல். லேத்துல நாம போடற எச்எஸ்எஸ் டூல் இருக்குல்ல, அத பெத்லஹெம் ஸ்டீல்ல டெய்லரும் ஒயிட்னு இன்னொருத்தரும் சேந்து கண்டுபுடிச்சது, 1900ல பாரிஸ் கண்காட்சில ஓட்டி காமிச்சாங்க. டூல் நுனி சிவந்து பழுக்குது, ஆனா மழுங்காம வெட்டுது. நீல கலர்ல சுருளு சுருளா சிப்ஸ் வரும், பாத்தவனுக்கு தான் அந்த சுகம் தெரியும். எந்த மெட்டலுக்கு எந்த ஸ்பீடு, எவ்ளோ பீடு, எவ்ளோ ஆழம் வெட்டுன்னு 26 வருஷம் சோதனை பண்ணி எழுதினாரு. இன்னிக்கும் சிஎன்சில ஸ்பீடு பீடு டேபிள் பாத்து நம்பர் போடறவன் எல்லாம் அந்தாள் போட்ட ரோட்ல தான் போறான். மெட்டல அளந்தப்ப அவரு மேதை. மனுஷன அளந்தப்ப தான் வாய்க்கா தகராறு.

என் கதை. 80கள்ல நான் பிரஸ்ஸுல கொஞ்ச நாள் நின்னேன், கம்பெனி பேரு வேணாம். டார்கெட் ஏத்துனாங்க. ரெண்டு பட்டன் அமுக்கினா டைம் போகுதுன்னு ஒரு பட்டன டேப் போட்டு ஒட்டிட்டு ஒத்த கைல ஓட்டுவோம், சூபர்வைசர் பாத்தும் பாக்காத மாதிரி போவாரு. என் இடது கை சுண்டு விரல்ல மேல் கணு இல்ல. அன்னிக்கு என் டார்கெட்டுக்கு இன்னும் 40 பீஸ் தான் பாக்கின்றது மட்டும் இப்பவும் ஞாபகம் இருக்கு. தம்பி, 1300 வருதோ வரலயோ, அந்த பட்டன்ல மட்டும் கைய வெக்காத.

கூட்ஸ்ஷெட்_மணி:

பெருசு சொன்னத படிச்சிட்டு கையெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சிபா.

நான் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்ல மூட்டை அடிக்கிற பார்ட்டி. எங்க மேஸ்திரி புள்ள காலேஜ் படிக்குது, அது ஒரு நாள் இந்த டெய்லர் மேட்டர சொல்லிச்சி, நானும் நெட்ல தேடி படிச்சேன். அந்தாளு பெத்லஹெம்ல இரும்பு தூக்கறவன வெச்சி ஒரு கணக்கு போட்டுகீறான், எங்க வேலைன்றதால சொல்றேன். ஒரு இரும்பு கட்டி 92 பவுண்டு, நம்ம கணக்குல 42 கிலோ கிட்ட. தரையில குனிஞ்சி தூக்கி, பலகை மேல ஏறி, ரயில் வேகன்ல போடணும். ஒரு ஆளு ஒரு நாளைக்கு பன்னெண்டரை டன்னு போட்டுகினு இருந்தான். டெய்லரு ஒருத்தன புடிச்சி, தூக்குன்னா தூக்கு உக்காருன்னா உக்காரு, எதுத்து பேசாதன்னு சொல்லி 47 அரை டன்னு போட வெச்சிட்டான். கூலி 1 டாலர் 15 சென்ட்ல இருந்து 1 டாலர் 85.

நான் கால்குலேட்டர்ல போட்டேன். அந்தூரு பெரிய டன்னு, ஒரு டன்னு 2240 பவுண்டு. 47 அரைக்கு 1150 கட்டிக்கு மேல வருது. 10 மணி நேர வேலைன்னா அரை நிமிசத்துக்கு ஒண்ணு. நாங்க 50 கிலோ சிமெண்ட் மூட்டை அடிக்கிறோம், வேகன்ல இருந்து லாரிக்கு, நாலு பேரு கேங்கு, மாத்தி மாத்தி. ஒத்த ஆளா அரை நிமிசத்துக்கு ஒரு மூட்டைன்னு சாங்காலம் வரைக்கும் அடிச்சா நான் வூட்டுக்கு நடந்து போவ மாட்டேன், தூக்கினு தான் போவணும்.

அத வுடு, வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி ஒண்ணே முக்கா மடங்கு கூட இல்ல. இன்னா கணக்கு இது? நாலு மூட்டைக்கு ஒண்ணரை மூட்டை காசுன்னா எங்க கேங்குல மேஸ்திரிய தூக்கி வாட்டர் டேங்க்ல போட்டுருவானுங்க.

ஐஇ_அக்கா:

கூட்ஸ்ஷெட் அண்ணா, கணக்கு சரி. ஆனா அதே பரிசோதனைல நீங்க விட்ட ஒண்ணு இருக்கு, அது தான் இந்த தம்பிக்கு உதவும். 42 கிலோ தூக்கற ஆளு நாள்ல 43 சதவீத நேரம் தான் சுமையோட இருக்க முடியும், மீதி 57 சதவீதம் கை சும்மா இருக்கணும், இல்லன்னா சாயங்காலம் வரை தாங்க மாட்டான்னு டெய்லரே எழுதியிருக்கார். ஓய்வ கணக்குல சேத்தா தான் வேலை வரும்னு சொன்னதும் அந்தாள் தான். நெஜமா அந்த ஆளு பேரு ஹென்றி நோல், டெய்லர் புக்குல ஷ்மிட்னு மாத்தி வெச்சாரு. பின்னாடி ஆராய்ச்சியாளருங்க பழைய ரெக்கார்டு தோண்டினதுல டெய்லர் அந்த கதைய நெறைய ஜோடிச்சி எழுதியிருக்கார்னு தெரிஞ்சிது, அதனால 47 அரைய வேதவாக்கா எடுத்துக்காதீங்க.

நான் ஒரு கார்மென்ட் யூனிட்ல ஐஇ, அதாவது இண்டஸ்ட்ரியல் இஞ்சினியரிங் டிபார்ட்மென்ட். ஆமா, அந்த அட்டையும் வாட்சும் புடிக்கிற ஆளு தான், திட்டறவங்க திட்டிக்கலாம், டெய்லி வாங்கறது தான். தைக்கிற பொண்ணுங்க என்ன பாத்தா பாபின் மாத்தற மாதிரி நடிப்பாங்க, எனக்கு தெரியும்னு அவங்களுக்கும் தெரியும்.

தம்பி, உன் கன்சல்டன்ட் பண்ணது டைம் ஸ்டடியே இல்ல. அரைகுறை. எப்படின்னு சொல்றேன், பேப்பர் எடுத்து போட்டு பாரு.

அவரு பாத்தது 20 செகண்ட். 7 அரை மணி நேரம்னா 27,000 செகண்ட். 20ஆல வகுத்தா 1350. அதுல ஏதோ கருணை வெச்சி 1300ன்னு ஒட்டிட்டாரு. நேரா ஸ்டாப்வாட்ச் நம்பர வகுத்துட்டாரு, அவ்ளோதான் அவரு படிச்ச படிப்பு.

உண்மையில என்ன பண்ணணும்னா மொதல்ல ரேட்டிங் போடணும். சாதாரண ஆளு நாள் முழுக்க தாங்கற வேகத்த 100ன்னு வெச்சிக்கோ. நீ ஓனர் முன்னாடி காட்டினது 100 இல்ல, நான் நின்னு பாத்திருந்தா கொறஞ்சது 125 போட்டிருப்பேன். அப்போ சாதா ஆளுக்கு 20 இன்ட்டு 1.25, 25 செகண்ட். அதுக்கு மேல அலவன்ஸ். தண்ணி குடிக்க, பாத்ரூம் போக, அசதிக்கு, அப்புறம் வேலையிலேயே நடுவுல வர்ற சில்லறை தொல்லைங்க. 15 சதவீதம்னு வெச்சா 28.75 செகண்ட். 27,000 வகுத்தல் 28.75 எவ்ளோ? 939. உங்க பழைய 850க்கும் இதுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல பாரு. உங்க அண்ணனுங்க வாட்ச் இல்லாமயே சரியா தான் அடிச்சிட்டு இருந்தாங்க, கொஞ்சம் போல ஓபி, அது எல்லா எடத்துலயும் இருக்கு.

இன்னொண்ணு கேக்கணும். டைக்கு எண்ணெய் யாரு போடறது, கிரேட் காலியானா யாரு எடுத்துட்டு வராங்க?

வியாசர்பாடி_பிரஸ்:

அக்கா, நாங்களே தான். 20 பீஸுக்கு ஒரு தபா பிரஷ்ல எண்ணெய் தடவணும், பிசிறு சேந்தா ஏர் கன் புடிச்சி ஊதணும். கிரேட் ரொம்பிட்டா தள்ளினு போயி செக்கிங் டேபிள் கிட்ட வெச்சிட்டு காலி கிரேட் எடுத்துனு வரணும், ஷிப்டுக்கு எட்டு ஒம்பது தபா. அன்னிக்கு அவரு பாத்த 10 பீஸ்ல இது எதுவுமே வரல. இப்போ தான் உறைக்குது.

ஐஇ_அக்கா:

அப்போ 939 கூட ஜாஸ்தி. அதெல்லாம் தனியா அளந்து சேக்கணும். ஸ்டடி ஷீட்ட கேளு. எந்த பிரிவா பிரிச்சி அளந்தாங்க, ரேட்டிங் என்ன, அலவன்ஸ் என்னன்னு அதுல இருக்கணும். இல்லன்னா அது ஸ்டடி கிடையாது.

பழைய_பேப்பர்:

தலைவா, போர்டு கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே, நான் வரேன்.

டெய்லரும் போர்டும் ஒண்ணுன்னு எல்லாரும் சேத்து பேசறாங்க, ஆனா ரெண்டு பேரு போன வழி வேற. டெய்லர் ஆள மாத்தினாரு: இப்படி குனி, இப்படி தூக்கு, இந்த சவல் (அள்ளிப் போடற மண்வாரி) எடு. ஒரு தூக்குக்கு 21 பவுண்டு வர்ற மாதிரி கரிக்கு பெரிய சவல், தாதுக்கு சின்ன சவல்னு வெச்சாரு. போர்டு ஆள நிக்க வெச்சிட்டு வேலைய நகத்தினாரு. வேகத்த வாட்ச் புடிச்சவன் சொல்ல வேணாம், பெல்ட்டே சொல்லிடும். டெய்லர்கிட்ட கத்துக்கிட்டேன்னு போர்டு ஒத்துக்கிட்டதே இல்ல. அவரு சிகாகோ கறி கம்பெனிய சொன்னாரு, அங்க மாட்ட தலைகீழா தொங்கவிட்டு மேல கம்பில தள்ளிட்டே போவாங்க, நிக்கிறவன் ஒவ்வொருத்தனும் ஒரே ஒரு வெட்டு. மாட்ட பிரிக்கிறத திருப்பி போட்டா வண்டி சேக்கறது.

1913ல ஹைலண்ட் பார்க்ல மொதல்ல மேக்னெட்டோன்ற, இஞ்சின பத்த வெக்க கரண்ட் குடுக்கற ஒரு சின்ன பார்ட்ல தான் சோதனை பண்ணாங்க. ஒருத்தன் தனியா முழுசா செஞ்சா 20 நிமிஷம். அத 29 வேலையா பிரிச்சி லைன் போட்டாங்க, 13 நிமிஷம் 10 செகண்ட் ஆச்சு. அப்புறம் லைன 8 இன்ச் ஒசத்தினாங்க, குனியறது போச்சு, 7 நிமிஷம். அப்புறம் லைன் ஓடற வேகத்த சரி பண்ணி 5 நிமிஷம். எனக்கு இதுல ரொம்ப புடிச்சது அந்த 8 இன்ச் தான். யாரையும் திட்டல, விரட்டல, டேபிள தூக்கினாங்க. சேசிஸ் சேக்கறது பன்னெண்டரை மணி நேரத்துல இருந்து 1 மணி 33 நிமிஷத்துக்கு வந்துச்சு. 1908ல 850 டாலருக்கு வித்த மாடல் டி பின்னாடி 300 டாலருக்கு கீழ போச்சு, மொத்தம் 1 கோடியே 50 லட்சம் வண்டி.

ஆனா அந்த லைன்ல எவனும் நிக்கல. 1913ல ஒரு வருஷத்துல ஆளுங்க வெளிய போன கணக்கு 370 சதவீதம், 14,000 பேர வேலைல வெச்சிக்க 52,000 பேருக்கு மேல எடுக்க வேண்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் தான் 1914 ஜனவரில ஒரு நாளைக்கு 5 டாலர், 9 மணி நேரம் 8 மணி நேரமாச்சு. வள்ளல்னு பேரு. கிட்ட போயி பாத்தா கூலி 2 டாலர் 34 சென்ட், மீதி லாபத்துல பங்குன்னு குடுத்தது, அத வாங்கணும்னா கம்பெனி ஆளு வீட்டுக்கு வந்து குடிக்கிறியா, வீடு சுத்தமா இருக்கா, காசு சேக்கறியான்னு பாப்பான். நம்ம ஊர்ல வந்திருந்தா ஞாயித்துக்கெழமை சம்பளமே கட் ஆயிருக்கும்.

அப்புறம் நம்ம ஏரியா. பிரஸ் தம்பி, உங்க தாத்தா காலத்துக்கு ரொம்ப முன்னாடி, 1918 ஏப்ரல் 27, மெட்ராஸ் லேபர் யூனியன் நம்ம பெரம்பூர் பக்கம் தான் ஆரம்பிச்சது, பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு எல்லாம் கூட. பி அண்டு சி (பக்கிங்ஹாம் அண்டு கர்நாட்டிக்) மில் ஆளுங்க. அவங்க கேட்டதுல ஒண்ணு என்ன தெரியுமா, சாப்பாட்டு நேரம் அரை மணி பத்தல, 40 நிமிஷம் ஆக்குங்க. பத்து நிமிஷம்! கை கழுவி, தூக்குவாளிய தொறந்து, சாப்ட்டு, ஓடி வர்றதுக்கு. டெய்லர் புக்கு 1911ல வந்துச்சு, இந்த பசங்க அத படிச்சிருக்க மாட்டாங்க, ஆனா சண்டை அதே சண்டை தான், நிமிஷம் யாருதுன்னு. இந்தியாவுல முறைப்படி அமைஞ்ச மொத யூனியன்னு இத தான் சொல்லுவாங்க. வாடியா மேல கோர்ட்டு தடையெல்லாம் வாங்கினாங்க, அந்த வழக்கோட சூடு தான் 1926 தொழிற்சங்க சட்டம் வரைக்கும் போச்சு.

அமெரிக்காவுலயும் 1911ல, டெய்லர் புக்கு வந்த அதே வருஷம், வாட்டர்டவுன்னு ராணுவ ஆயுத பேக்டரில மோல்டர் (வார்ப்பு அச்சு செய்யறவன்) ஒருத்தன் பக்கத்துல வாட்ச் புடிக்க வந்ததும் மோல்டருங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்க. பாராளுமன்ற கமிட்டி டெய்லர கூப்ட்டு நாள் கணக்கா கேள்வி கேட்டுச்சு. 1915ல ராணுவ பட்ஜெட் காசுல ஸ்டாப்வாட்ச் புடிக்கக்கூடாதுன்னே சட்டத்துல எழுதிட்டாங்க. லெனின் கூட 1914ல இது மனுஷன மெஷினுக்கு அடிமையாக்கறதுன்னு எழுதிட்டு, 1918ல ஆட்சிக்கு வந்ததும் டெய்லர் முறைய படிக்கணும், சொல்லிக்குடுக்கணும்னு எழுதினாரு. லைன ஓட்ற சீட்டுல உக்காந்தா எல்லாருக்கும் வாட்ச் புடிச்சி போவுது.

எண்ணூர்_பைக்:

ரொம்ப சோகமா போவுது திரெட்டு, ஒரு மாறுதலுக்கு. எங்க வீட்ல அப்பா வாங்கின மொத மோட்டார் சைக்கிள் திருவொற்றியூர் பேக்டரில இருந்து வந்தது. மாஸ் புரொடக்ஷன் இல்லன்னா எங்கப்பன் சைக்கிள் தான் ஓட்டியிருப்பான், இப்போ நான் ஒரு நட்டு போச்சுன்னா பர்மா பஜார் பக்கம் கடைக்கு போயி 5 ரூபாய்க்கு வாங்கி மாட்டறேன், பிட் ஆவுது. பிட் ஆவறதே ஒரு பெரிய விஷயம். அந்த காலத்துல துப்பாக்கி ஒண்ணு ஒடஞ்சா அதுக்குன்னு ஒரு கொல்லன் ராவி ராவி பார்ட்டு செய்யணும், ஒரு துப்பாக்கி பார்ட்டு இன்னொண்ணுல உக்காராது. அமெரிக்க ராணுவ ஆயுத சாலைங்கள்ல கேஜ் வெச்சி அளந்து எல்லா பார்ட்டும் ஒரே மாதிரின்னு கொண்டு வந்தாங்க, அது இல்லாம போர்டு லைனே கிடையாது. லைன்ல வந்து எவனும் பைல் புடிச்சி ராவிட்டு இருக்க முடியாதுல்ல.

கூட்ஸ்ஷெட்_மணி:

எண்ணூரு தலைவா, பைக்கு வந்தது சந்தோசம் தான். அத செஞ்சவன் விரலு எவ்ளோ மிச்சம்னும் கேளு.

ஓய்வு_டர்னர்:

மணி, எண்ணூர் தம்பி சொல்றதும் நியாயம் தான்பா. கேஜ் வந்தது எங்களுக்கும் நல்லது, அளவு சரியா இருந்தா இன்ஸ்பெக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டலாம், அவன் வாய மூடிக்குவான்.

அக்கா சொன்ன மாதிரி கில்பிரெத்துன்னு ஒருத்தர், அவரு சம்சாரம் லில்லியன், ரெண்டு பேரையும் சொல்லாம விட்டா பாவம். அவரு கொத்தனாரா இருந்தவரு. செங்கல் வைக்கிறதுல 18 அசைவு இருந்தத 5ஆ குறைச்சாரு. எப்படி? கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் கீழ குனிஞ்சி எடுக்கறாரு, எடுத்து நல்ல பக்கம் எதுன்னு திருப்பி பாக்கறாரு. இவரு சாரத்துலயே ஒரு பலகை வெச்சி கல்ல இடுப்பு ஒசரத்துக்கு கொண்டாந்தாரு, சித்தாள விட்டு முன்னாடியே நல்ல பக்கம் தெரியற மாதிரி அடுக்க வெச்சாரு, கலவைய பதமா வெச்சாரு. மணிக்கு 120 கல்லு வெச்சவன் 350 வெச்சான். நம்ம ஊர்ல வீடு கட்ற எடத்துல பாரு, இன்னிக்கும் சித்தாள் பொம்பளைங்க தலைல சுமந்து கீழ கொட்டறாங்க, கொத்தனார் குனிஞ்சி குனிஞ்சி எடுக்கறாரு. ஒரு நாளைக்கு அந்த இடுப்பு எத்தன தபா மடங்குது, எவனும் எண்ணல. வாட்ச அந்த பக்கமும் திருப்பலாம்ல.

ஐஇ_அக்கா:

பெரியவரே, கில்பிரெத்த நான் சொல்லவே இல்ல, ஆனா சொல்லியிருக்கணும், நன்றி. எங்க டிபார்ட்மென்ட்ல அந்த அம்மா பேர யாரும் சொல்றதில்ல, புருஷன் 1924ல செத்த பிறகு எத்தனையோ வருஷம் அந்தம்மா தான் வேலைய தொடர்ந்தாங்க.

அந்த 8 இன்ச் மேட்டர் சொன்னார்ல பழைய பேப்பர், தம்பி உன் மெஷின்ல பிளாங்க் கிரேட் எங்க இருக்கு? தரையிலயா?

வியாசர்பாடி_பிரஸ்:

தரையில தான் அக்கா. குனிஞ்சி தான் எடுக்கறோம். அன்னிக்கு மட்டும் சூபர்வைசர் ஒரு ஸ்டூல் மேல வெச்சி குடுத்தாரு, ஓனர் வராருன்னு.

ஐஇ_அக்கா:

யப்பா.

அந்த 20 செகண்ட் ஸ்டூலோட எடுத்தது! மெத்தட் ஒண்ணுல அளந்து டார்கெட் வேற மெத்தடுக்கு போட்டிருக்காங்க. இத விட ஒரு தப்பு டைம் ஸ்டடில இருக்கவே முடியாது. ஓனர்கிட்ட நீ மட்டும் போகாத, அந்த மூணு மெஷின் அண்ணனுங்களையும் கூட்டிட்டு போ. சண்டையா பேசாத, ஸ்டடி ஷீட்ட காட்டுங்க சார், மூணு மெஷினுக்கும் ஸ்டூல் குடுங்க சார், முழு ஒரு மணி நேரம் அளங்க சார்னு கேளு, எண்ணெய் தடவறது கிரேட் தள்றது எல்லாம் சேத்து.

பழைய_பேப்பர்:

அக்கா, கேக்க போனா ஓனர் என்ன சொல்வாருன்னு எனக்கு தெரியும். "கைசன் போர்டுல எழுதி போடுப்பா." ஐடியா நல்லா இருந்தா வருஷ கடைசில ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். எங்க வீட்ல அஞ்சு இருக்கு.

வியாசர்பாடி_பிரஸ்:

12 நாள் கழிச்சி அப்டேட் போடறேன், கேட்டவங்களுக்காக.

மொதல்ல அண்ணனுங்க வரமாட்டேன்னாங்க. அக்கா போட்ட கணக்க ஒரு பேப்பர்ல எழுதி, சாப்பாட்டு நேரத்துல அந்த கேள்வி கேட்ட அண்ணன்கிட்ட காட்டினேன். 28.75ன்றத பாத்துட்டு அவரு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "நாங்க வாயால 10 வருஷமா சொல்றத இவ ஒரு வகுத்தல்ல போட்டுட்டாடா"ன்னாரு. தூக்கு தொறந்து கொழம்பு ஊத்தினாரு, கருவாடு. பேச ஆரம்பிச்சிட்டாரு.

நாலு பேரா போனோம். ஓனரு மொதல்ல குரல ஒசத்தினாரு. ஷீட்ட கேட்டோம், கன்சல்டன்ட் போன்ல எடுத்த போட்டோ மட்டும் தான் இருந்துச்சு, 10 நம்பரு, கீழ சராசரி, வேற ஒண்ணும் இல்ல. ரேட்டிங்ன்ற கட்டமே காலி. அண்ணன் அத காட்டி "சார், இது காலியா இருக்கே"ன்னு மட்டும் கேட்டாரு. ஓனரு கண்ணாடிய கழட்டி தொடச்சாரு.

மறுபடி அளந்தாங்க, ஒரு மணி நேரம், என்ன இல்ல, 48 வயசு அண்ணன் ஒருத்தர. ஸ்டூலோட. இப்போதைக்கு 900ன்னு எழுதி ஒட்டியிருக்காங்க, மூணு மெஷினுக்கும் இரும்பு ஸ்டாண்டு பத்த வெச்சி குடுத்துட்டாங்க, கிரேட் இடுப்பு ஒசரத்துல நிக்குது. பழைய 850 விட 50 ஜாஸ்தி தான், சம்பளம் ஒண்ணும் ஏறல, அத பத்தி பேசலாம்னு மட்டும் சொல்லியிருக்காரு. ஆனா முதுகு வலி குறைஞ்சிருக்கு, அது நெஜம்.

பெரியவரே, ரெண்டாவது ஷிப்டு மெஷின்ல ஒரு பட்டன்ல பழைய டேப் ஒட்டின பிசுக்கு இருந்துச்சு. தின்னர் போட்டு தொடச்சிட்டேன்.